படிக்க முடியாத குற்றம்

கல்முனையிலிருந்து கொழும்புக்கு லொறி ஓட்டும் அயலவர் ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார். வயதில் மூத்தவராதலால் நான் அவரைக் காக்கா என்றே அழைப்பது வழக்கம். அண்மையில் ஒரு மாலை, மடித்த தாளொன்றை என்னிடம் நீட்டினார். நெடுவழியில் எங்கோ ஓரிடத்தில் பொலிஸார் எழுதிக் கொடுத்த தண்டப் பத்திரம் அது. குற்ற விவரம் கையெழுத்தில், சிங்களத்தில் இருந்தது. எனக்கும் அது விளங்கவில்லை.

"பணம் கட்டியாயிற்றா, காக்கா?" என்றேன்.

"கட்டிட்டன் தம்பி. என்ன குத்தமெண்டுதான் இப்ப தேடுறன்" என்று சிரித்தார்.

மறுநாள் சிங்களம் அறிந்த நண்பர் படித்துச் சொன்னார்: வெள்ளைக்கோட்டைத் தாண்டி முன்சென்ற வாகனத்தை முந்தினாராம். காக்காவின் முகம் மாறியது. "முந்தினது எனக்கு முன்னால போன லொறி. நான் அதுக்குப் பின்னாலதானே போனன்" என்றார். அவர் சொல்வது மெய்யோ பொய்யோ, நான் அறியேன். அதை விசாரித்து அறிய வேண்டிய இடம் நீதிமன்றம். அங்கே போகும் வாய்ப்பைத்தான் அவர் அறியாமலே விற்றுவிட்டு வந்திருந்தார்.

1951ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துச் சட்டமும் அதன் திருத்தங்களும் சாரதிக்கு இரு வழிகளைத் திறந்து வைத்திருக்கின்றன. குற்றம் மெய்யாயின், 14 நாட்களுக்குள் தண்டத்தைச் செலுத்தி விடயத்தை முடித்துக்கொள்ளலாம். மெய்யன்றாயின், செலுத்தாது விட்டு, நீதவான் முன் நின்று "நான் சுற்றவாளி" எனக் கூறலாம். முறைப்பாட்டை நிரூபிக்க வேண்டிய கடன் அப்போது வழக்குத் தொடுத்தவரைச் சேரும். நிரூபிக்கப்படும் வரை எவரும் சுற்றவாளியே என்று நமது அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை உரைக்கின்றது.

ஆயினும் இரண்டாம் வழியில் நடப்பவர் எத்தனை பேர்? வழக்கு நடப்பது சம்பவம் நடந்த பகுதியின் நீதிமன்றில். அங்கே போய்வர இரு நாட் கூலி போகும். தவணை தள்ளிப்போனால் மீண்டும் ஒரு பயணம். சட்டத்தரணிக்குக் கொடுப்பது தண்டத்தினும் பெரிது. சாரதி அனுமதிப்பத்திரமோ பொலிஸார் கையில். ஆதலின் "கட்டிவிட்டுப் போ" என்பதே ஊரார் கூறும் புத்தி. பணக் கணக்கில் அது சரியே. ஆனால் செய்யாத குற்றத்தை ஏற்பதற்கு விலை மலிவு என்பதற்காக ஏற்கும் பழக்கம் ஒரு சமுதாயத்தில் வேரூன்றினால், பத்திரம் எழுதுபவருக்குக் கவனம் எதற்கு? எழுதியதெல்லாம் உண்மையாகிவிடுமன்றோ?

இந்தக் கணக்கை ஏற்காத ஒருவரின் வழக்கை இங்கே நினைவுகூர்தல் தகும். 1978இல் மேற்கு ஜேர்மனியில், நிறுத்தி வைத்திருந்த காரொன்றில் மோதியதற்காக ஒஸ்துர்க் என்னும் துருக்கிய நாட்டவருக்கு 60 மார்க் தண்டம் விதிக்கப்பட்டது. அவர் ஆட்சேபித்தார். விசாரணையின்போது ஆட்சேபத்தை மீளப்பெற்றார். ஆனால் மொழிபெயர்ப்பாளருக்கான செலவு என்று 63.90 மார்க்கை நீதிமன்றம் அவர்மீது சுமத்தியது. தண்டத்தினும் மொழி விலை கூடியது! அவர் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் வரை சென்றார். 1984 பெப்ரவரி 21இல் தீர்ப்பு வந்தது: குற்றம் சிறிதாயினும், குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு மொழிபெயர்ப்பு இலவசமாகக் கிடைத்தல் வேண்டும். தண்டத்தை அவர் வெல்லவில்லை, மொழியுரிமையை வென்றார்.

நமக்கு அவ்வுரிமை ஏட்டில் ஏற்கெனவே உண்டு. 1988இல் நிறைவேறிய 16ஆவது திருத்தத்தின் பயனாக, வடக்குக் கிழக்கு நீதிமன்றங்களின் மொழி தமிழ். ஏனைய இடங்களில் வழக்கு மொழி அறியாதவருக்கு அரசே மொழிபெயர்ப்பு வழங்க வேண்டுமென 24ஆம் உறுப்புரை விதிக்கின்றது. சிங்களம் நிர்வாக மொழியாயுள்ள பகுதியிலும் அரச அலுவலரிடமிருந்து தமிழில் தொடர்பாடல் பெற 22ஆம் உறுப்புரை இடந்தருகின்றது. நீதிமன்ற வாசலில் காத்திருக்கும் இவ்வுரிமை, தெருவோரத்தில் பேனா எடுக்கும்போதே வரவேண்டும் என்பது என் துணிபு. தான் என்ன செய்ததாகச் சொல்லப்படுகிறது என்று அறியாதவன் கட்டுவதா, வழக்காடுவதா என்று எப்படித் தீர்மானிப்பான்?

பொலிஸாரின் கடமையை நான் இழித்துரைப்பதாக எவரும் எண்ணற்க. இந்நாட்டு வீதிகளில் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் மடிகின்றனர். கல்முனையூடாகப் போகும் பிரதான வீதியில் தலைக்கவசமின்றிப் பறக்கும் நம் பிள்ளைகளை நிறுத்தித் தண்டமிடுவோருக்கு நாம் நன்றியே கூறவேண்டும். பிழை செய்தவர் தர்க்கம் பேசாது கட்டட்டும், அதுவே நேர்மை. பிழை செய்யாதவர் நீதவான் முன் நிற்கட்டும், அதுவும் நேர்மையே. வழக்காடுகிறவனை வம்புக்காரன் என்று ஏளனம் செய்வதை மட்டும் நாம் விட்டுவிட வேண்டும்.

காக்கா அந்தத் தாளை எறியவில்லை. மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "இனிமேல் வாசிச்சுக் காட்டச் சொல்லிக் கேட்டுத்தான் வாங்குவன்" என்றார். அந்தக் கேள்வியை ஒவ்வொரு சாரதியும் மரியாதையோடும் அச்சமின்றியும் கேட்கத் தொடங்கினால், சட்டப் புத்தகத்தில் உறங்கும் உரிமை வீதிக்கு வந்துவிடும்.