பழைய காரும் படித்தவர் பார்வையும்

"படிப்பு ஏறவில்லையா, பட்டறைக்குப் போ" என்னும் வாக்கியம் தமிழ்ப் பள்ளிகளின் வகுப்பறைகளில் எத்தனை ஆண்டுகளாக ஒலித்து வருகிறது என்பதைக் கணக்கிட்டுக் கூறுவது அரிது. சொல்பவர் ஆசிரியர், கேட்பவன் பன்னிரண்டு வயதுச் சிறுவன். சொன்னவர் மறுநாளே மறந்துவிடுகிறார், கேட்டவன் மறப்பதில்லை. பட்டறை என்பது அறிவில்லாதவன் ஒதுங்கும் மூலை, ஒருவகைத் தண்டனைக் கூடம் என்னும் எண்ணம் அவன் நெஞ்சில் ஆழப் பதிந்துவிடுகிறது. இவ்வாறு கூறும் ஆசிரியப் பெருமக்களுள் எத்தனை பேர் ஒரு பட்டறைக்குள் ஒரு மணி நேரம் நின்று, அங்கு நடப்பது இன்னதென்று பார்த்திருக்கின்றனர்?

பிரிக்பீல்ட்ஸின் பின்சந்துகளிலும் கிள்ளானில் மேரு, காப்பார் சாலைப் பக்கங்களிலும் ஞாயிற்றுக்கிழமைகளில் காணக்கூடிய காட்சி ஒன்று உண்டு. தகரக் கூரையின்கீழ், பானெட் திறந்தபடி, நாற்பது வயதான ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று நிற்கும். அதனைச் சுற்றி எண்ணெய்க் கறை படிந்த கைகளோடு இரண்டு மூன்று இளைஞர்கள் குனிந்திருப்பர். பெரும்பாலும் அது டொயோட்டா நிறுவனம் 1983இல் வெளியிட்டு 1987இல் நிறுத்திய ஏ.இ. 86 வகையாக இருக்கும். அல்லது அதற்கு மூத்த உடன்பிறப்பாகிய, 'டிஎக்ஸ்' என்று இங்குள்ளோர் அழைக்கும் கே.இ. 70 கொரோல்லாவாக இருக்கும். கொரோல்லாவின் நான்கு கதவு வகை முன்சக்கர இயக்கத்துக்கு மாறியபோது, லெவின், டிரெனோ என்னும் இரு பெயர்களில் வந்த ஏ.இ. 86 பின்சக்கர இயக்கத்தைக் கைவிடவில்லை. 1995இல் தொடங்கிய ஜப்பானியச் சித்திரக்கதை ஒன்றும், 2005இல் அதைத் தழுவி வந்த திரைப்படமும் அதன் விலையை எங்கேயோ ஏற்றிவிட்டன. வாங்க வசதியில்லாதவன் டிஎக்ஸை வாங்கி, அதில் ஏ.இ. 86இன் எஞ்சினைப் பொருத்துகிறான்.

இவ்விளைஞர்களைக் கண்டவுடன் படித்தவர் முகம் சுளிக்கின்றனர். "உதவாக்கரைகள், சம்பளத்தை இரும்புக்குக் கொட்டுகிறவர்கள், நள்ளிரவில் நெடுஞ்சாலையில் உயிரோடு விளையாடுகிறவர்கள்" என்பன அவர்தம் தீர்ப்புகள். இவற்றுள் உண்மை அறவே இல்லை என்று வாதிட முடியாது. பொதுச் சாலையில் பந்தயம் ஓடுகிறவன் குற்றவாளி. அவனுக்காகப் பரிந்து பேச ஒரு சொல்லும் இல்லை. வீட்டு வாடகைப் பணத்தைச் சக்கர ரிம்முக்குச் செலவிடுபவனும் கண்டிக்கத் தக்கவனே. ஆனால், பந்தயம் ஓடுகிறவனையும் பழுது பார்க்கிறவனையும் ஒரே தராசில் நிறுத்துவது எந்த நியாயம்? குடிகாரர் சிலர் உளர் என்பதற்காகத் தோட்டத் தொழிலாளர் அனைவரையும் குடிகாரர் என்று தூற்றிய துரைமாரின் பேச்சுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

பட்டறைக்குள் நடப்பதைச் சற்று நெருங்கிப் பார்த்தல் வேண்டும். 4ஏ-ஜிஇ என்னும் அந்த எஞ்சின் 1,587 கன செ.மீ. கொள்ளளவு உடையது. நான்கு சிலிண்டர்களுக்குப் பதினாறு வால்வுகள். ஒவ்வொரு வால்வின் தலைமேலும் 'ஷிம்' எனப்படும் சிறு வட்டத் தகடு ஒன்று அமர்ந்திருக்கிறது. அத்தகட்டுக்கும் அதை அழுத்தும் கேமுக்கும் இடையே ஒரு நூலிழை இடைவெளி இருத்தல் வேண்டும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, காற்று உட்புகும் வால்வுக்கு 0.15 முதல் 0.25 மில்லிமீட்டர் வரை. புகை வெளியேறும் வால்வுக்கு 0.20 முதல் 0.30 வரை. குறைந்தால் வால்வு முழுதாக மூடாமல் எரிந்து போகும். மிகுந்தால் எஞ்சின் தையற்பொறிபோல் தட்டும்.

புகை வால்வு ஒன்றில் இடைவெளி 0.34 என்று அளவுத்தகடு காட்டுகிறது எனக் கொள்வோம். இளைஞன் கேமைக் கழற்றி, ஷிம்மை எடுத்து, மைக்ரோமீட்டரில் அளக்கிறான்: 2.60. இருக்கும் இடைவெளியிலிருந்து இருக்க வேண்டிய நடு அளவாகிய 0.25ஐக் கழிக்கிறான், மிச்சம் 0.09. அதைத் தகட்டின் கனத்தோடு கூட்டுகிறான், 2.69. ஷிம்கள் 0.05 வித்தியாசத்தில்தான் செய்யப்பட்டுள்ளன. ஆகவே 2.70ஐத் தேர்ந்தெடுக்கிறான். இனி இடைவெளி 0.24 ஆகும், எல்லைக்குள் அடங்கும். இவ்வாறு பதினாறு முறை. புதிய ஷிம் கிடைக்காதபோது பதினாறையும் அளந்து, தாளில் அட்டவணை போட்டு, ஒரு வால்விலிருந்து கழற்றியது வேறெந்த வால்வுக்குப் பொருந்தும் என்று மாற்றி மாற்றிக் கணக்கிட்டு, கடையில் வாங்க வேண்டியவற்றை மூன்றாகவோ நான்காகவோ குறைத்துவிடுகிறான். 'தசமக் கணக்கு வராதவன்' என்று மதிப்பெண் அறிக்கையில் சிவப்பு மையால் எழுதப்பட்டவன் இவன்தான்! கணக்கு அவனுக்கு வரவில்லையா, கணக்கை அவனிடம் கொண்டு செல்லும் வழி ஆசிரியருக்கு வரவில்லையா?

உதிரிப் பாகம் தேடுவதும் எளிய செயலன்று. டொயோட்டாவின் பாக எண் ஐந்தும் ஐந்துமாகப் பத்து இடங்கள் கொண்டது. முன் ஐந்து, பொருளின் இனத்தைச் சுட்டும்: 90915 எனில் எண்ணெய் வடிகட்டி, 04465 எனில் முன்சக்கரப் பிரேக் பேட், 04466 எனில் பின்சக்கரத்துக்கு உரியது. பின் ஐந்து, அஃது எந்த வண்டிக்கு, எந்த மாற்றத்துக்கு உரியது என்பதைக் காட்டும். உடற்பாகங்களில் அங்கே 12 என்று வந்தால் அது கொரோல்லாக் குடும்பம். பகுபதத்தைப் பகுதி, விகுதி என்று பிரித்துப் பொருள் காணும் நன்னூல் மாணவன் செய்வதையே இவன் எண்களில் செய்கிறான். எண்ணைப் பிரிக்கத் தெரியாதவன் கடைக்காரர் கொடுத்ததை வாங்கி வந்து, பொருந்தாமல் திருப்பிக் கொண்டு போய், திட்டும் வாங்கிக்கொண்டு வருவான். தெரிந்தவனோ கேம்ரிக்கு வந்த பொருள் கொரோல்லாவுக்கும் பொருந்துமா என்பதை வீட்டிலிருந்தபடியே அறிவான். பகுபத உறுப்பிலக்கணத்தை மனப்பாடமாக ஒப்பித்துத் தேர்வு முடிந்ததும் மறந்துவிடும் மாணவனைவிட இவன் எவ்வகையில் தாழ்ந்தவன்?

புதிய பாகம் கிடைக்காதபோது 'பொத்தோங்' கடைதான் புகலிடம். ஜப்பானில் புதிய கார் மூன்றாம் ஆண்டிலும், பின்னர் இரண்டாண்டுக்கு ஒரு முறையும் கட்டாயப் பரிசோதனைக்கு உட்பட வேண்டும். அதற்குச் செலவும் மிகுதி. பெட்ரோல் கார் பதின்மூன்று ஆண்டுகளைக் கடந்தால் வரியும் ஏறுகிறது. ஆகவே நன்றாக ஓடும் வண்டிகளே அங்குக் கழிக்கப்படுகின்றன. ஜப்பானிலும் மலேசியாவிலும் சாலையின் இடப்பக்கமாகவே வண்டிகள் ஓடுவதால் அவ்வண்டிகளின் பாகங்கள் இங்கு அப்படியே பொருந்தும். முழுக் காரை இறக்குமதி செய்ய உரிமம் வேண்டும். இரண்டாக அறுக்கப்பட்ட காரோ உதிரிப் பாகமாகக் கொள்கலனில் கிள்ளான் துறைமுகத்தில் வந்து இறங்குகிறது. 2009 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட வாகனக் கொள்கை, 2011 ஜூன் முதல் இவ்விறக்குமதியைத் தடுக்கும் என்றது. பதினைந்து ஆண்டுக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு ஆண்டுதோறும் கட்டாயப் பரிசோதனை என்றும் கூறியது. மக்கள் எதிர்ப்பால் பரிசோதனைத் திட்டம் விரைவிலேயே கைவிடப்பட்டது; பாகங்களுக்கான தடையும் நடைமுறைக்கு வரவில்லை. அந்நாளில் எதிர்த்தவர்கள் ஸ்போர்ட்ஸ் கார்ப் பித்தர்கள் மட்டும் அல்லர். பழைய சாகாவில் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிச் செல்லும் தந்தையரும் எதிர்த்தனர். 1985இல் வந்த புரோட்டோன் சாகாவே மிட்சுபிஷி லான்சரின் வழித்தோன்றல்தானே!

அறுக்கப்பட்ட காரிலிருந்து எஞ்சினை எடுத்து வைத்தவுடன் வேலை முடிந்துவிடாது. 1991க்குப் பின் வந்த இருபது வால்வு எஞ்சின் முன்சக்கர இயக்க வண்டிக்காகக் குறுக்கே படுத்திருந்தது. அதனைப் பின்சக்கர இயக்க வண்டியில் நெடுக்காக வைக்கும்போது, அதன் பின்புறத்திலுள்ள டிஸ்ட்ரிபியூட்டர் தடுப்புச் சுவரில் முட்டும். நீர்க்குழாய்களின் வாய்களும் தவறான திசையை நோக்கி நிற்கும். இவற்றையெல்லாம் மாற்றி அமைப்பவனுக்கு மின்சாரமும் வெப்பமும் நீரோட்டமும் தெரிந்திருக்க வேண்டும். பௌதிகம் என்னும் பெயரில் கற்றிருக்காவிட்டாலும் அவன் கற்றது பௌதிகமே.

இங்கே இளைஞர்களையும் கடிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. மாற்றிய எஞ்சினின் எண்ணைச் சாலைப் போக்குவரத்து இலாகாவில் பதிவு செய்யாமல் ஓட்டுவது சட்டத்துக்குப் புறம்பானது. சுங்கப் பத்திரமும் ரசீதும் இல்லாமல் பாதி விலைக்கு நள்ளிரவில் கைமாறும் கியர்பாக்ஸ் எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் வாங்குகிறவன், பிறன் வீட்டு வாசலில் காணாமற்போன காருக்குப் பங்காளி ஆகிறான். அசலைப்போல் பெட்டி செய்து விற்கப்படும் போலிப் பிரேக் பேடைத் தெரிந்தே பொருத்துகிறவன் தன் உயிரோடு எதிரே வருகிறவன் உயிரையும் பணயம் வைக்கிறான். இவற்றை அவனுக்கு எடுத்துக் கூறும் தகுதி ஆசிரியருக்கு உண்டு. பட்டறையை இழிவாகப் பேசிய வாயிலிருந்து வரும் அறவுரையை மட்டும் அவன் கேட்கமாட்டான்.

காரில் முதலில் மூப்படைவது இரும்பன்று, ரப்பர். எஞ்சினைத் தாங்கும் திண்டுகள், சக்கரக் கைகளின் புஷ்கள், கதவோரப் பட்டைகள் எல்லாம் இந்நாட்டு வெயிலிலும் ஈரத்திலும் வெடித்து உதிர்கின்றன. எண்ணெய் படும் இடங்களுக்குச் செயற்கை ரப்பர் உண்டு. ஆனால், அதிர்ச்சியைத் தாங்கும் திண்டுகளுக்கும் புஷ்களுக்கும் இன்றளவும் பெரிதும் பயன்படுவது மரத்தில் வடியும் பாலே. கிள்ளானையும் காப்பாரையும் சுற்றிய தோட்டங்களில் விடியற்காலையில் விளக்கைத் தலையில் கட்டிக்கொண்டு பால்வெட்டிய பாட்டியின் பேரன், கட்டைவிரல் பருமனுள்ள ஒரு ரப்பர்த் துண்டுக்கு ஜப்பானிலிருந்து கப்பல் வரக் காத்திருக்கிறான்! 1925இல் அமைக்கப்பட்ட ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் கோலாலம்பூரில் இருந்தது; அதன் சோதனைத் தோட்டம் சுங்கை பூலோவில் பரந்து கிடந்தது. அந்நிலத்தின் பெரும்பகுதியில் இப்போது புதுநகர் எழுகிறது. மரத்தைத் தெரிந்த சமுதாயம், அம்மரத்தின் பால் கெட்டியாகி அச்சில் வார்க்கப்படும் தொழிலை ஏன் கைக்கொள்ளவில்லை என்று எந்தத் தமிழ்ப் பாடநூலும் கேட்டதில்லை.

ஜப்பானியரோ தாம் கழித்தவற்றின் அருமையைப் பிந்தியாயினும் உணர்ந்தனர். நிஸ்ஸான் 2017இல் ஆர்32 ஸ்கைலைன் ஜி.டி.ஆருக்குப் பாகங்களை மறுபடியும் செய்யத் தொடங்கியது. அதே ஆண்டில் மாஸ்டா தன் முதல் தலைமுறை ரோட்ஸ்டரைப் புதுப்பித்துத் தரும் பணியைத் தொடங்கி, அக்காலத்து டயரைக்கூட மறுபடி செய்வித்தது. டொயோட்டா 2021இல் ஏ.இ. 86ஐயும் அந்த வரிசையில் சேர்த்தது. கிள்ளான் பட்டறைப் பையன் பல்லாண்டுகளாகச் செய்துவந்த வேலைக்குப் பெரிய நிறுவனங்கள் இன்று 'பாரம்பரியம்' என்று பெயர் சூட்டுகின்றன.

பெயர் சூட்டுவதில் தமிழறிஞரும் சளைத்தவர் அல்லர். காரை மகிழுந்து என்பதா, சீருந்து என்பதா, சிற்றுந்து என்பதா என்று கருத்தரங்குகளில் காரசாரமான விவாதம் நடைபெறுகிறது. நன்று, நடக்கட்டும். ஆனால், அந்த மகிழுந்தின் வால்வு இடைவெளியைச் சரிசெய்யும் முறையைப் பத்துப் பக்கத்தில் தமிழில் எழுதித் தந்தவர் யார்? ஜப்பானிய எழுத்தில் அச்சிட்ட வழிகாட்டி நூலைப் படத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு, மலாயும் ஆங்கிலமும் கலந்த சொற்களால் தம்பிமார்க்கு விளக்குகிறார் பட்டறை அண்ணன். அவர் வாயில் 'காஸ்கெட்', 'பேரிங்' என்று வருவதைக் கேட்டுத் தமிழ் அழிகிறது என்று கண்ணீர் விடுவோர், அவர் கையில் ஒரு தமிழ் நூலைக் கொடுத்தது உண்டா? சொல்லைப் படைத்துவிட்டுத் தொழிலைத் தீண்டாமல் ஒதுங்குகிறவர்களால் அந்தச் சொல்லுக்கு எப்படி உயிர் வரும்?

இத்தனைக்கும் கோலாலம்பூர்த் தமிழர் வாழ்வு பட்டறையிலிருந்தே கிளைத்தது. செந்தூல் இரயில்வே பட்டறையில் இந்தியத் தமிழரும் யாழ்ப்பாணத் தமிழரும் நீராவி எஞ்சின்களைப் பிரித்துப் பூட்டினர். பிரிக்பீல்ட்ஸ் இரயில்வேக்காரர் குடியிருப்பாகவே வளர்ந்தது. 2001இல் திறக்கப்பட்ட கே.எல். சென்ட்ரல் நிலையம் பழைய இரயில்வே நிலத்தின்மேல்தான் நிற்கிறது. அங்கே சம்பாதித்த பணத்தில்தான் பிள்ளைகள் படித்தனர். வழக்கறிஞராகவும் மருத்துவராகவும் ஆசிரியராகவும் உயர்ந்தனர். ஏணியில் ஏறியவர்கள் ஏணியை எட்டி உதைக்கின்றனர்.

2021இல் யுபிஎஸ்ஆர் தேர்வு நீக்கப்பட்டது. எத்தனை 'ஏ' என்று எண்ணும் பழக்கம் மட்டும் நீங்கவில்லை. மலேசியத் திறன் சான்றிதழ் ஐந்து நிலைகளாக உள்ளது. பள்ளியில் தேறாத மூத்த மெக்கானிக்கூடத் தம் முன்னனுபவத்தை மெய்ப்பித்து அதனைப் பெற வழி இருக்கிறது. இதனை எத்தனை தமிழ்ப் பள்ளிகளின் பெற்றோர் கூட்டத்தில் விளக்கிச் சொல்கின்றனர்? பரிசளிப்பு விழா மேடைக்கு மருத்துவரையும் அரசியல்வாதியையும் அழைக்கின்றனர். மாலையும் பொன்னாடையும் போர்த்துகின்றனர். அதே பள்ளியில் படித்து, கிள்ளானில் பட்டறை நடத்தி, பள்ளி வேனை ஆண்டு முழுவதும் கூலி வாங்காமல் பழுது பார்த்துத் தரும் பழைய மாணவர் மண்டபத்தின் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கிறார். விழா முடிந்ததும் சிறப்பு விருந்தினரின் கார் கிளம்பவில்லையென்றால் அப்போதுதான் அவரைத் தேடுகின்றனர்.