படைப்பு மட்டும் மருந்தாகுமா?

"படைப்பாளிக்குப் படைப்பே மருந்து, உளச்சிகிச்சை எதற்கு?" என்று நம்மில் சிலர் வீறாப்புப் பேசுகின்றனர். பொறுப்பற்ற பேச்சு இது.

பாரிஸில் பிறந்த சிற்பி லூயிஸ் பூர்ஷ்வா, சித்திரத் திரைச்சீலைகளைச் செப்பனிட்டு வந்த தன் தாயை 1932இல் இழந்தார். பிரான்ஸில் விட்டுவந்த உறவுகளை நியூயோர்க்கில் மரத்தில் செதுக்கி, 1949இல் காட்சிக்கும் வைத்தார். கலை மட்டுமே போதுமென்றால், 1951இல் தந்தை இறந்ததும் அவர் ஏன் நொறுங்கினார்? மறுவருடம் தொடங்கிய உளப்பகுப்பாய்வு, இடைவெளிகளுடன், முப்பதாண்டுகளுக்கு மேல் நீடித்தது. அதனால் சிற்பம் நின்றுவிடவுமில்லை. 1999இல் ஒன்பது மீற்றர் உயரச் சிலந்தியாகத் தாயை எழுப்பினார்.

ஒன்று மற்றொன்றுக்குப் பதிலல்ல. தாயை இழந்த மாணவனிடம் "கவிதை எழுது" என்று சொல்லிக் கைகழுவிய ஆசிரியன் நான். அது ஊக்குவிப்பல்ல, தப்பித்தல்.