தூசியை நீக்குவோம்; மூச்சை நீக்க வேண்டாம்!

சிற்பி மறைந்தாலும் சிலை நிற்கிறது. ஓவியர் மறைந்தாலும் ஓவியம் நிற்கிறது. ஆனால் கச்சேரி செய்யும் கலைஞரின் இசையோ, வாசித்த அந்த நேரத்திலேயே காற்றோடு கலந்துவிடுகிறது. அதைப் பிடித்து வைத்துத் தந்தவை ஒலிநாடாக்களே. இன்று அந்த நாடாக்களுக்கும் முதுமை வந்துவிட்டது. அவற்றைப் புதுப்பிப்பது நற்பணி என்பதில் ஐயமில்லை. எனினும், அப்பணி எவ்வாறு நடைபெற வேண்டும் என்பது பற்றி மாணவியராகிய நாங்கள் எங்கள் கருத்தைக் கூற விரும்புகிறோம்.

புல்லாங்குழல் மேதை டி. ஆர். மகாலிங்கத்தை எடுத்துக்கொள்வோம். ரசிகர்கள் 'மாலி' என்று அன்புடன் அழைத்த அவர், 1926ஆம் ஆண்டு திருவிடைமருதூரில் பிறந்தார். ஏழு வயதிலேயே மேடை ஏறினார். வாய்ப்பாட்டில் உள்ள கமகங்களை எல்லாம் குழலில் கொண்டுவந்து காட்டினார். 1986ஆம் ஆண்டு மறைந்தார். மனோதர்மமே அவருடைய பெருஞ்செல்வம். ஒரு நாள் வாசித்ததுபோல் மறுநாள் வாசிக்க மாட்டார். ஆகவே, கச்சேரிகளில் ஸ்பூல் டேப்பில் பதிவான இசைதான் அவரை நமக்கு முழுமையாகக் காட்டுகிறது.

அந்த நாடாக்களுக்கு நேரும் கேடு என்ன? பிளாஸ்டிக் நாடாவின் மேல் காந்தத் துகள்களை ஒட்டி வைத்திருப்பது ஒரு பசை. சிலவகை நாடாக்களில் அந்தப் பசை ஈரக் காற்றை உறிஞ்சி இளகிவிடுகிறது. அந்நிலையில் நாடாவை ஓடவிட்டால் துகள்கள் உரிந்து, இசையும் அவற்றோடு போய்விடும். கடற்கரை நகரமான நம் புதுச்சேரியில் பூஞ்சையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆகவே, காலம் தாழ்த்துவது தவறு.

ஆனால் அவசரமும் தவறு. பழைய நாடாக்களில் 'உஸ்' என்ற இரைச்சல் உண்டு. கணிப்பொறி அதை நொடியில் துடைத்துவிடும். குழலுக்குள் செல்லும் காற்றின் ஓசையும் அதே 'உஸ்' இனத்தைச் சேர்ந்தது அன்றோ! இரைச்சலை முற்றும் துடைத்தால் மாலியின் மூச்சும் துடைபட்டுப் போகும். தம்புராவின் ரீங்காரமும் மெலிந்துவிடும். கல் பொறுக்குகிறோம் என்று அரிசியையும் கொட்டலாமா?

இன்னொன்றும் கூறுவோம். பதிவின்போது மின்சாரத்தின் முனகலும் நாடாவில் சேர்வதுண்டு. நம் நாட்டில் அது நொடிக்கு ஏறக்குறைய 50 அதிர்வுகள் கொண்டது. நாடாவின் வேகம் மாறினால் சுருதியும் மாறிவிடும். சரியான வேகத்தைக் கண்டறிய அந்த முனகலே துணை செய்கிறது. வேண்டாத ஒலி என்று நாம் ஒதுக்குவதும் ஒரு சாட்சியே!

பிரெஞ்சு உறவுடைய நம் ஊருக்கு ஏற்ற ஓர் உதாரணமும் உண்டு. ருமேனியப் பியானோ மேதை தினு லிப்பாத்தி, 1950 செப்டம்பர் 16 அன்று பிரான்சின் பெசான்சோன் நகரில் கடும் நோயோடு மேடை ஏறினார். ஷோப்பேன் இயற்றிய 14 வால்ட்ஸ்களில் 13 வாசித்தார். கடைசி ஒன்றுக்கு உடலில் வலுவில்லை. அவ்வாண்டு டிசம்பரில், 33ஆம் வயதில் மறைந்தார். வானொலி பதிவு செய்த அக்கச்சேரியை உலகம் இன்றும் கேட்கிறது. குறையற்ற ஒலிக்காகவா கேட்கிறது? அந்த மாலைப்பொழுதுக்காக அன்றோ!

"இரைச்சலோடு இன்றைய இளைஞர் கேட்பார்களா?" என்று சிலர் வினவலாம். நியாயமான வினாவே. எங்கள் விடை இது: இரண்டு பிரதிகள் இருக்கட்டும். ஒன்று, நாடாவில் உள்ளதை உள்ளபடியே காப்பது. மற்றொன்று, அளவோடு தூய்மை செய்தது. என்ன மாற்றம் செய்யப்பட்டது என்பதையும் எழுதி வைக்க வேண்டும். நாளை இதைவிட நல்ல கருவி வரும். அப்போது மூலம் கையில் இல்லாவிட்டால் என்ன செய்வது?

தோழியரே, லாரிகளின் ஓசை நிறைந்த நம் மேட்டுப்பாளையத்திலும் ஏதேனும் ஒரு வீட்டுப் பரணில் ஒரு கச்சேரி உறங்கிக் கொண்டிருக்கலாம். தாத்தாவின் நாடாக்களைப் பழைய பொருள் வாங்குபவரிடம் போட வேண்டாம். வாசித்தவர் யார், பக்கவாத்தியம் யார், எந்த ஊர், எந்த நாள் என்று பெரியவர்களிடம் இன்றே கேட்டு உறையில் எழுதுவோம். பழுதான கருவியில் அவற்றை ஓட்டிப் பார்க்காமல், அறிந்தவரிடம் ஒப்படைப்போம். அரியாங்குப்பத்துப் பாரதியார் பல்கலைக்கூடம் போன்ற கலை நிறுவனங்கள் இதற்கு வழிகாட்டினால், நம் ஊரின் இசைச் செல்வம் நமக்குப் பின் வருவோர்க்கும் கிட்டும்.