கடல் பசுவை ஏன் தொட்டியில் வைத்துக் காப்பாற்ற முடியாது? மண்டபம் முதல் மனோரா வரை

இராமநாதபுரம் மாவட்டத்தில் உயிரியல் பூங்கா இல்லை. புலி, சிங்கம் பார்க்கணும்னா வண்டலூர் பஸ் பிடிக்கணும். ஆனால் வண்டலூரில்கூடப் பார்க்க முடியாத ஒரு விலங்கை 1960-களில் இங்கே தொட்டியில் வைத்து வளர்த்திருக்கிறார்கள். இடம், மண்டபம் கேம்ப். வளர்த்தது மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம். விலங்கு, கடல் பசு. மீனவர்கள் அதை ஆவுளியா என்கிறார்கள்.

இப்போது தஞ்சாவூர் மாவட்டம் மனோராவில் சர்வதேச கடல் பசு பாதுகாப்பு மையம் வரும் என்று தமிழக அரசு அறிவித்திருக்கிறது. 'அப்போ அங்கே போனால் உயிரோடு கடல் பசுவைப் பார்க்கலாமா?' என்று கேட்கத் தோன்றும். பார்க்கவே கூடாது என்பதுதான் நம் கருத்து. ஏன்?

புலிக்குச் சரி, கடல் பசுவுக்கு ஏன் சரிவராது?

உயிரியல் பூங்காவில் ஒரு ஜோடிப் புலிக்குக் குறைந்தது 1,000 சதுர மீட்டர் திறந்தவெளி தர வேண்டும் என்பது மத்திய உயிரியல் பூங்கா ஆணையத்தின் விதி. சுற்றி அகழி, உள்ளே குட்டை, நிழல், நேரத்துக்கு இறைச்சி. இவ்வளவு இருந்தால் புலி வாழும், குட்டியும் போடும். இடமும் பணமும் இருந்தால் தீர்கிற பிரச்னை இது.

கடல் பசுவுக்கு முதல் சிக்கலே சாப்பாடுதான். அது தின்பது கடற்புல். வளர்ந்த ஒரு கடல் பசு ஒரு நாளைக்கு 30 முதல் 40 கிலோ வரை மேயும். வருடக் கணக்கு போட்டால் ஒன்றுக்கே சுமார் 11 முதல் 15 டன். இதைத் தொட்டிக்குக் கொண்டுவர வேண்டுமென்றால் கடலடியில் இருக்கும் புல்வெளியில்தான் பிடுங்கணும். அதாவது, வெளியே இருக்கும் கடல் பசுக்களின் சோற்றில் கைவைத்து உள்ளே இருக்கும் ஒன்றுக்கு ஊட்டுகிறோம்.

ஜப்பானின் டோபா மாதிரி விரல் விட்டு எண்ணக்கூடிய சில மீன்காட்சியகங்கள் மட்டுமே கடல் பசுவை நீண்ட காலம் வைத்துச் சமாளித்திருக்கின்றன. ஆனால் தொட்டியில் குட்டி ஈன வைத்து எண்ணிக்கையைக் கூட்டியவர்கள் உலகத்தில் யாரும் இல்லை. கடலிலேயே அது மெதுவாகத்தான் பெருகும். கர்ப்ப காலம் ஒரு வருடத்துக்கும் மேல். ஒரு குட்டிக்கும் அடுத்த குட்டிக்கும் நடுவே 3 முதல் 7 ஆண்டு இடைவெளி.

தாய்லாந்தின் மரியம் நினைவிருக்கா? 2019-ல் தாயைப் பிரிந்து கரையொதுங்கிய கடல் பசுக் குட்டி. பராமரிப்பாளர்கள் அதைக் கட்டிப்பிடித்துப் பால் புகட்டிய வீடியோ உலகமெங்கும் வைரலானது. கால்நடை மருத்துவர்கள், நேரலை கேமரா, எல்லாமே இருந்தது. அந்த ஆகஸ்டிலேயே இறந்துபோனது. குடலில் பிளாஸ்டிக் துண்டுகள் இருந்தன. சில நாட்களிலேயே ஜமீல் என்ற இன்னொரு குட்டியும் போய்விட்டது.

அப்படின்னா வேலி எங்கே போடுவது?

கடலில்தான். 2022 செப்டம்பரில் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை நாட்டின் முதல் கடல் பசு பாதுகாப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது. இந்தியாவில் இருப்பதே சுமார் 240 கடல் பசுக்கள், அதில் பெரும்பாலானவை இந்தப் பக்கம்தான் என்பது அரசு சொன்ன கணக்கு. மீனவர்களுக்குப் புதிய தடை எதுவும் இல்லை என்றும் அப்போதே சொல்லிவிட்டார்கள்.

இங்கே ஒரு விஷயம் கவனிக்கணும். அந்த 448 சதுர கிலோமீட்டரும் தஞ்சாவூர், புதுக்கோட்டை கடலோரம். இராமநாதபுரத்தின் தெற்குக் கரைக்கு மன்னார் வளைகுடா கடல்வாழ் தேசியப் பூங்கா இருக்கிறது. 1986-ல் வந்தது, 21 தீவுகள். ஆனால் தொண்டி, தேவிபட்டினம் என்று நீளும் வடக்குக் கரை இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. கடல் பசுவுக்கு மாவட்ட எல்லை தெரியாது. புல் இருக்கும் இடத்துக்கு அது போகும். வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதால் எங்கே கொன்றாலும் குற்றம்தான், 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. ஆனால் சட்டம் விலங்கைக் காக்கும், இழுவலை சுரண்டிப்போட்ட கடற்புல்லை யார் காப்பது? கரையோரத்தில் இழுவலைப் படகுகளுக்குத் தடை 1983 சட்டத்திலிருந்தே இருக்கிறது. அதை ஒழுங்காக அமல்படுத்தினாலே பாதி வேலை முடியும். புதிதாக மையம் கட்டுவதைவிட இதற்குத்தான் அதிக அரசியல் துணிச்சல் வேண்டும்.

ஆமைக்கு மட்டும் ஏன் கூண்டு?

தனுஷ்கோடி போனவர்கள் அரிச்சல்முனை பக்கம் வனத்துறையின் ஆமை முட்டைப் பொரிப்பகத்தைப் பார்த்திருக்கலாம். ஊர்வனவற்றுக்கு என்று இருக்கும் அடைப்பு அது. கடலாமைகள், குறிப்பாகப் பங்குனி ஆமைகள், மணலில் இட்டுப்போகும் முட்டைகளை நாய், நரி தோண்டுவதற்குள் எடுத்துவந்து வேலிக்குள் புதைக்கிறார்கள். சுமார் 45 முதல் 60 நாளில் குஞ்சு வரும், அன்றே கடலில் விடுவார்கள்.

இந்த அடைப்பு சரிவருவதற்குக் காரணம், அது விலங்கை வளர்ப்பதில்லை. முட்டைக்குக் காவல் நிற்கிறது, அவ்வளவுதான். அதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஆமைக் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடு தீர்மானிக்கிறது. சுமார் 29 டிகிரிக்கு மேலே போகப் போகப் பெண் குஞ்சுகள் அதிகமாகும். அதனால் பொரிப்பகத்தில் நிழல் போடுவதுகூட யோசித்துச் செய்ய வேண்டிய வேலை. குஞ்சு விடும்போது போன் ஃபிளாஷ் அடிக்காதீங்க. குஞ்சுகள் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் கடல் எந்தப் பக்கம் என்று முடிவு செய்கின்றன.

வலையில் சிக்கினால்?

கடல் பசு பாலூட்டி, ஆமை ஊர்வன. இரண்டுக்கும் நுரையீரல்தான், மேலே வந்துதான் மூச்சு விடணும். வலையில் மாட்டிய கடல் பசுவுக்கு நமக்குக் கிடைக்கும் அவகாசம் சில நிமிடங்கள். வலையை அறுப்பதைத் தவிர வழியில்லை. அறுக்கும் மீனவருக்கு அது சொந்தக் காசு. வனத்துறை பரிசுத்தொகை கொடுத்துப் பாராட்டுவது நல்ல விஷயம். ஆனால் வலையின் விலை என்ன, அந்த நாள் பாடு என்ன என்று பார்த்து, தாமதமில்லாமல் கொடுத்தால்தான் அடுத்தவர் கத்தியை எடுப்பார்.

ஆமை அசையாமல் வந்தால் செத்துவிட்டது என்று உடனே கடலில் வீசக்கூடாது. மூழ்கி மயங்கிய ஆமை பல மணி நேரம் கழித்துக்கூட எழும். குப்புறவே வைத்து, பின்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தி, நிழலில் ஈரத்துணி போட்டுவிட்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள். இதில் ஏற்றுமதிக் கணக்கும் இருக்கிறது. ஆமை தப்பிக்கும் கருவி இழுவலைகளில் இல்லை என்ற காரணத்தால்தான் இந்தியக் கடலில் பிடிக்கும் இறாலை 2019 முதல் அமெரிக்கா வாங்குவதில்லை.