திண்டிவனம் டு விழுப்புரம்: ஒரே மெட்டு, மூன்று ‘சக்தி’!

திண்டிவனத்தில் பஸ் ஏறி விழுப்புரத்தில் இறங்க ஏறத்தாழ ஒரு மணி நேரம். ஜன்னலோர சீட்டும் கிடைத்து, போனில் சார்ஜும் இருந்தால் இந்த வாரம் கேட்க வேண்டியது, ‘சக்தி’ குழுவின் முதல் ஆல்பம். அதில் மொத்தம் மூன்றே உருப்படிகள்தான். ஆனால், ஓடுவதோ 52 நிமிடம்!

முதல் உருப்படி ‘ஜாய்’, 18 நிமிடம். அது முடிவதற்குள் கூட்டேரிப்பட்டு பக்கம் வந்துவிடலாம். அடுத்தது ‘லோட்டஸ் ஃபீட்’. ஐந்து நிமிடம்கூட இல்லை. கடைசி உருப்படி கிட்டத்தட்ட 29 நிமிடம். விக்கிரவாண்டி டோல்கேட், முண்டியம்பாக்கம் எல்லாம் தாண்டி விழுப்புரம் வரைக்கும் அது துணைக்கு வரும். இதில் பாடகர் யாரும் கிடையாது. கிட்டார், வயலின், தபேலா, கடம், மிருதங்கம்... அவ்வளவுதான்.

யார் இவர்கள்? ஜான் மெக்லாஃப்ளின், இங்கிலாந்தில் பிறந்த கிட்டார் கலைஞர். ‘மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா’ என்ற ராக் குழுவை வைத்துக்கொண்டு எலெக்ட்ரிக் கிட்டாரில் அதிரடி காட்டியவர். புகழின் உச்சியில் இருந்தபோதே நம்மூர் இசை மீது ஆசை வந்து, எஸ்.ராமநாதனிடம் வீணை கற்றார். பிறகு மின்சாரத்தை ஓரம்கட்டிவிட்டு, தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். வீணை போல கமகம் வர வேண்டும் என்பதற்காகவே தனியாக ஒரு கிட்டார் செய்யவைத்தார். தந்தியை அழுத்தி இழுக்க வசதியாக அதன் கழுத்துப் பகுதியில் குழி செதுக்கப்பட்டிருந்தது. சுருதி சேர்க்கத் தனியாக ஏழு தந்திகள் வேறு.

அவருடன் உட்கார்ந்தவர்கள் வயலின் எல்.சங்கர், தபேலா ஜாகிர் உசேன், கடம் ‘விக்கு’ விநாயக்ராம், மிருதங்கம் ராம்நாட் ராகவன். 1975 ஜூலை 5 அன்று நியூயார்க் மாநிலத்தில் இருக்கும் சவுத்ஹாம்ப்டன் கல்லூரியில் நடந்த கச்சேரிதான், 1976-ல் அந்த முதல் ஆல்பமாக வந்தது.

ராகவன் முதல் ஆல்பத்தோடு விலகினார். மீதி நான்கு பேரும் ‘எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் பியூட்டி’, ‘நேச்சுரல் எலிமென்ட்ஸ்’ என்று இன்னும் இரண்டு ஆல்பங்கள் தந்தார்கள். 1970-கள் முடிவதற்குள் குழு கலைந்துவிட்டது.

அதோடு கதை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் 1997-ல் ‘ரிமெம்பர் சக்தி’ என்ற பெயரில் மெக்லாஃப்ளின், ஜாகிர், விநாயக்ராம் மூவரும் மீண்டும் மேடை ஏறினார்கள். வயலின் சங்கர் இல்லை. அவர் இடத்துக்கு வயலினே வரவில்லை. ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழல் வந்தது. அதற்குப் பிறகு மாண்டலின் யு.ஸ்ரீநிவாஸ் சேர்ந்தார். விநாயக்ராம் இடத்தில் அவர் மகன் செல்வகணேஷ் கஞ்சிராவோடு வந்து உட்கார்ந்தார். யாரென்று யோசிக்கிறீர்களா? ‘வெண்ணிலா கபடிக் குழு’ படத்துக்கு இசையமைத்தவர்தான்! அதன்பின் பாடகராக சங்கர் மகாதேவன் வந்தார்.

ஆட்கள் மாறியதில் இசைக்கு என்ன ஆனது? தெரிந்துகொள்ள ஒரு சுலபமான வழி இருக்கிறது. ‘லோட்டஸ் ஃபீட்’ மெட்டை மட்டும் மூன்று ஆல்பங்களில் வரிசையாகக் கேளுங்கள். 1976 ஆல்பத்தில் அது வயலின். 1999-ல் வந்த ‘ரிமெம்பர் சக்தி’ ஆல்பத்தில் புல்லாங்குழல். 2000-ல் வந்த ‘தி பிலீவர்’ ஆல்பத்தில் மாண்டலின். மெட்டு அதேதான். ஆனால், பழைய ஆள் வாசித்ததை நகல் எடுக்க யாரும் முயலவில்லை. வந்தவர் அவரவர் பாணியில் வாசித்தார். மற்றவர்கள் அதைக் கேட்டுத் தங்கள் வாசிப்பை மாற்றிக்கொண்டார்கள். ‘சக்தி’ ஐம்பது வருடம் தாக்குப்பிடித்த ரகசியம் இதுதான்.

2014 செப்டம்பர் 19. மாண்டலின் ஸ்ரீநிவாஸ் சென்னையில் காலமானார். வயது 45தான். ‘சக்தி’ திரும்ப ஒன்றுசேர்ந்தபோது இன்னொரு மாண்டலினைத் தேடவில்லை. கணேஷ்-குமரேஷ் சகோதரர்களில் ஒருவரான கணேஷ் ராஜகோபாலனின் வயலின் வந்தது. கொரோனா காலத்தில் ஆளுக்கு ஓர் ஊரில் இருந்தபடியே பதிவுசெய்து அனுப்பி, 2023-ல் ‘திஸ் மொமென்ட்’ ஆல்பத்தைக் கொண்டுவந்தார்கள். ஸ்டூடியோ ஆல்பம் என்று பார்த்தால், 1977-க்குப் பிறகு இதுதான். 2024 பிப்ரவரி 4 அன்று அதற்கு கிராமி விருது கிடைத்தது.

அந்த மகிழ்ச்சி ஒரு வருடம்கூட நீடிக்கவில்லை. அதே ஆண்டு டிசம்பர் 15 அன்று, 73 வயதில் ஜாகிர் உசேன் காலமானார். 1975 கச்சேரியில் தொடங்கி கிராமி வரை எல்லா ஆல்பத்திலும் இருந்தவர்கள் இரண்டே பேர்தான்: ஜாகிரும் மெக்லாஃப்ளினும். இப்போது அதில் ஒருவர் இல்லை. வயலின் போன இடத்தில் புல்லாங்குழல் வரலாம். அப்பா இடத்தில் மகன் வரலாம். ஜாகிரின் இடத்தில் யார் உட்கார முடியும் என்பதுதான் ரசிகர்களின் கேள்வி.

அதற்குப் பதில் பழைய ஆல்பத்தில் இருக்கிறதா என்று நீங்களே கேட்டுப் பாருங்கள். விழுப்புரம் போகும்போது 1976 ஆல்பம். திரும்பி வரும்போது ‘லோட்டஸ் ஃபீட்’ மூன்று வடிவங்களும், அதன்பின் ‘திஸ் மொமென்ட்’டும். மூன்று வடிவங்களிலும் வயலின், புல்லாங்குழல், மாண்டலின் என்று முன்னால் இருப்பவர் மாறிக்கொண்டே இருப்பார். பின்னால் ஒலிக்கும் அந்தத் தபேலாவைக் கொஞ்சம் கவனியுங்கள். ஒவ்வொரு முறையும் புதிதாக வந்தவருக்கு வழிவிட்டு வாசித்துக்கொண்டிருப்பது ஜாகிர்தான்.