நாற்காலி கேட்டனர், தமிழ் கேட்டனரா?

நாடாளுமன்றத் தேர்தல் வருந்தோறும் தமிழ்நாட்டில் கூட்டணிச் சந்தை கூடுகின்றது. எவர்க்கு எத்தனை தொகுதி, வென்றபின் தில்லியில் எத்தனை அமைச்சர் நாற்காலி என்று இரவு பகலாய்க் கணக்கிடுகின்றனர். மொழியின் பேரால் வளர்ந்த கட்சிகள் மொழிக்கென எதனைக் கேட்டுப் பெற்றன? அந்தக் கணக்கை நாம் பார்ப்போம்.

1976இல் தம் ஆட்சியைக் கலைத்த இந்திரா அம்மையாரோடு 1980இல் தி.மு.க. கைகோத்தது. 1977இல் அவரோடு நின்ற அ.தி.மு.க.வின் ஆட்சியை 1980இல் அவரே கலைத்தார். இவை பழங்கதை, விடுவோம். 1996 முதல் 2013 வரையுள்ள காலத்தின் பெரும்பகுதியும் தமிழகக் கட்சிகள் நடுவண் அமைச்சரவையில் அமர்ந்திருந்தனவே, அதுவன்றோ வினவத்தக்கது!

ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். குடியரசுத் தலைவரின் முன்னிசைவோடு மாநில ஆட்சிமொழியை உயர்முறைமன்ற நடவடிக்கைகளில் வழங்க ஆளுநர் ஒப்புதல் அளிக்கலாம் என்கின்றது அரசியலமைப்புச் சட்டத்தின் 348ஆம் பிரிவு. இராசத்தானில் 1950இலும், உத்தரப்பிரதேசத்தில் 1969இலும், மத்தியப்பிரதேசத்தில் 1971இலும், பீகாரில் 1972இலும் இந்தி இவ்வழியே நுழைந்தது. சென்னையில் தமிழ் நுழையத் தமிழகச் சட்டப்பேரவை 2006இல் தீர்மானம் இயற்றியது. தில்லி மறுத்தது. கரணியம் யாது? உச்சமுறைமன்றத் தலைமை நடுவர் ஒப்பவில்லையாம். அவர் ஒப்பவேண்டும் என்று அரசியலமைப்புச் சட்டம் சொல்கின்றதா? இல்லவே இல்லை! 1965இல் நடுவண் அமைச்சரவைக் குழு ஒன்று தானே செய்துகொண்ட முடிவு அது. அமைச்சரவை நட்ட வேலியை அமைச்சரவையே பிடுங்கலாம். சட்டத்திருத்தம் வேண்டா, நாடாளுமன்ற வாக்கெடுப்பும் வேண்டா.

மறுப்பு வந்த காலத்தில் அதே அமைச்சரவையில் தி.மு.க. இருந்தது. தமிழகத்தின் 39 இடங்களையும் புதுவையின் ஓரிடத்தையும் 2004இல் வாரிக்கொடுத்த கூட்டணியின் அரசு அது. அதற்கும் முன்னே, 1998இல், நடுவண் சட்ட அமைச்சகமே அ.தி.மு.க.வின் தம்பித்துரை கையில் இருந்தது. 1999இல் அக்கட்சி ஆதரவை விலக்கிக்கொள்ள, வாச்பாய் அரசு ஒரே வாக்கில் கவிழ்ந்தது. ஓர் அரசையே கவிழ்த்த அவ்வலிமையில் ஒரு துளியேனும் அந்த 1965ஆம் ஆண்டு வேலியின்மேல் பட்டதா? மடல் எழுதினர், வேண்டுகை விடுத்தனர். கூட்டணியில் நீடிக்க இது கட்டாயம் என்று எவரும் சொல்லவில்லை.

கேட்டாலும் கிடைக்காது என்பார் 2004ஆம் ஆண்டின் குறைந்தஅளவுப் பொதுத்திட்டத்தைப் படிக்கட்டும். தமிழ் செம்மொழியாக அறிவிக்கப்படும் என்று அதில் எழுதி வாங்கினர். அவ்வாண்டு அக்தோபரிலேயே அறிவிப்பு வந்துவிட்டது. அத்திட்டத்திலேயே, எட்டாம் அட்டவணை மொழிகளை ஆட்சிமொழியாக்குவதுபற்றி ஆராயக் குழு அமைக்கப்படும் என்றும் இருந்தது. ஆட்சிமொழி இன்றளவும் வரவில்லை. 'அறிவித்தல்' வேறு, 'ஆராய்தல்' வேறு. எட்டாம் வகுப்பு மாணவனும் அறிந்த இவ்வேறுபாடு, கையெழுத்திட்ட தலைவர்க்குத் தெரியாமற் போயிற்றோ?

2024இல் பா.ச.க. பெற்றவை 240 இடங்களே. ஆட்சிக்குத் தோள்கொடுத்த தெலுங்கு தேசக் கட்சியின் இடங்கள் பதினாறு. அவ்வாண்டு வரவுசெலவுத் திட்டத்திலேயே அமராவதித் தலைநகர்க்கு 15,000 கோடி உருவாவுக்கு வழிசெய்யப்பட்டது. பதினாறு பேர் பெற்றது அது. 2004இன் நாற்பது பேர் அந்த வேலியில் ஒரு முள்ளையும் அசைத்திலர்!

அன்பர்களே, அடுத்த முறை கூட்டணியின் பேரால் எவர் நம் வாயிலில் வந்து நின்றாலும், 1965ஆம் ஆண்டு முடிவை நீக்குவோம் என்று தில்லித் தலைமை கையொப்பமிட்ட தாளைக் காட்டச் சொல்லுங்கள்.