கல் நட்டால் திராட்சை காய்க்குமா?

பந்தல் என்பது தர்மபுரி விவசாயிகளுக்குப் புதிதல்ல. பாகலும் புடலையும் பீர்க்கும் ஏற்றிப் பழகியவர்கள்தான். கல் தூணுக்கும் அந்தப் பக்கத்தில் பஞ்சமில்லை. ஆனால் திராட்சைப் பந்தல் வேறு சங்கதி!

பாகல் சில மாதங்களில் ஓய்ந்துவிடும். திராட்சையோ பல வருடங்கள் பந்தலிலேயே குடியிருக்கும். கல்லுக்கும் கம்பிக்கும் பணம் முதலில் போகும். பழம் பிறகுதான் வரும். நகையை அடகு வைத்துப் பந்தல் போட நினைக்கும் குடும்பம், கவாத்து தெரியுமா என்று முதலில் யோசிக்க வேண்டும். (தண்ணீர்க் கவலை தனி.)

கவாத்து என்றால் கொடியை வெட்டிவிடுவது.

"பச்சைக் கொடியை வெட்டுவதா?" என்று வீட்டுப் பெரியவர்கள் பதறுவார்கள். வெட்டாவிட்டால் இலைதான் மிஞ்சும்!

பிரான்சு நாட்டில், ஒயினுக்கான திராட்சைக் கொடி குளிர்காலத்தில் இலை உதிர்த்துத் தூங்குகிறது. அப்போது வெட்டிவிடுகிறார்கள். வெயில் வந்ததும் புதுத் தளிர் விடுகிறது. பழக்கொத்து வருவது அந்தப் புதுத் தளிரில்தான். தமிழ்நாட்டில் அப்படிக் குளிர் ஏது? கொடி தானாகத் தூங்காது. கத்தரிக்கோல்தான் அதைத் திருப்பிவிட வேண்டும்.

தேனி மாவட்டம் கம்பம் பள்ளத்தாக்கு விவசாயிகள் இதில் கைதேர்ந்தவர்கள். அவர்களுடைய பன்னீர் திராட்சைக்கு 2023-ம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. டிசம்பர், ஜனவரியில் ஒரு கவாத்து. மே, ஜூனில் இன்னொரு கவாத்து. ஆக, வருடத்துக்கு இரண்டு அறுவடை!

பன்னீர் ரகத்தில், முதிர்ந்த கிளையில் 4 மொட்டு விட்டு வெட்டுவது வழக்கம். நோஞ்சான் கிளை என்றால் 1 அல்லது 2. ஆசைப்பட்டு அதிகம் விட்டால் கொத்து கூடும்; பழம் சிறுத்துவிடும், இனிப்பும் குறையும். அடுத்த பருவத்தில் கொடி சோர்ந்துவிடும். பந்தலில் இலை அடர்ந்தாலும் ஆபத்துதான். உள்ளே வெயில் இறங்காது. சாம்பல் நோய் பிடிக்கும். நிழலில் கிடந்த கிளையின் மொட்டு சரியாகக் காய்க்காது.

இதெல்லாம் புத்தகம் படித்து வருகிற வித்தை அல்ல. கிளையைப் பார்க்கும் கண் வேண்டும்.

தர்மபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டியில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. தேனி மாவட்டம் ஆனைமலையன்பட்டியில் திராட்சை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இரண்டும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவையே. கவாத்து மாதத்தில், திராட்சை போட விரும்பும் பத்துக் குடும்பத்தாரை அங்கிருந்து இங்கே பஸ்சில் அனுப்பினால் என்ன? ஆண்களை மட்டும் அனுப்பினால் போதாது. தோட்டத்தில் பாடுபடும் பெண்கள் கையிலும் கத்தரியைக் கொடுக்க வேண்டும். ஒரு வாரம் கம்பத்துக்காரரோடு நின்று வெட்டிப் பழகட்டும். கல் தூணுக்கு விலை பேசுவதைத் திரும்பி வந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.